இருபத்து மூன்று அழைப்புகள்

புதிய தொலைபேசியின் விளக்கு எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும் என்று இணைப்புக் கொடுக்க வந்த பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் மாலை நாலரை மணிக்கு, கனத்த திரைகள் பகலை வெளியே நிறுத்தியிருந்த படுக்கையறையில் காவலாளி கண் விழித்தபோது, அது சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அவர் அதை உடனே தொடவில்லை. இரவெல்லாம் மருந்துக் கிடங்கு ஒன்றைக் காத்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, ஒன்பது மணிக்குப் படுத்து, ஊர் முழுக்க அலைந்துகொண்டிருக்கும் நேரத்தில் உறங்குகிறவருக்கு, விழித்ததும் சற்று நேரம் எது நிஜம் என்று பிடிபடாது. அதற்கென்று அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் சுவர்க் கடிகாரத்தின் ஓசையைத் தேடுவார். பிறகு குளிர்பெட்டியின் உறுமல், மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம், தெருமுனையில் திரும்பும் பேருந்தின் ஹாரன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து உலகத்தை மறுபடி கட்டிக்கொள்வார். அன்றும் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் கூடுதல்.

தலைமாட்டு மேசையில் இப்போது இரண்டு தொலைபேசிகள். ஒன்று பழையது, பழுத்த வெள்ளை நிறம், சுருள் கம்பி, எண்கள் தேய்ந்த பொத்தான்கள். அதன் வயர் ஜன்னல் சட்டத்தில் இருந்த துளை வழியாக வெளியே போய், தெருக் கம்பத்தில் ஏறி, ஊருக்கு நடுவில் இருக்கும் இணைப்பகத்தைத் தொட்டது. மற்றொன்று புதியது, கறுப்பு நிறத்தில், கம்பியில்லாமல், ஒரு தாங்கியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இணையத்தில் பேசும் போன்.

"ரெண்டு வாரத்துக்கு ரெண்டும் இருக்கும் ஐயா," என்று அந்தப் பெண் ஏணியை மடக்கியபடி சொன்னாள். "ஒரே நம்பர், ரெண்டுலயும் அடிக்கும். அதுக்குள்ள எது வேணும்னு முடிவு பண்ணிச் சொல்லிடுங்க. வேண்டாததக் கழட்டிட்டுப் போயிடறேன்."

"கரண்ட் போனா?"

"புதுசு படுத்துடும்."

"பழசு படுக்காது."

"படுக்காதுதான். ஆனா இந்தத் தெருவுலயே அந்தக் கம்பியப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கிறது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்காக ஒரு கம்பி, அந்தக் கம்பிக்காக ஒரு ஆபீஸ். எத்தன நாளைக்குத் தாங்கும், சொல்லுங்க?" அவள் சிரித்தாள். பிறகு, விற்பனைக்காக மனப்பாடம் செய்ததைப் போலல்லாமல், நிஜமாகவே மெச்சிச் சொன்னாள். "இதுல பிஸி டோனே கிடையாதுங்க. நீங்க ஒருத்தர்கூடப் பேசிட்டிருந்தாலும் அடுத்த ஆள் உள்ள வந்துடலாம். நீங்க எடுக்கலேன்னா சொல்ல வந்ததச் சொல்லி வெச்சிட்டுப் போகலாம். யாரையும் வாசல்ல நிக்க வெக்காது."

காவலாளி அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அதுவரை வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தவர், சரி, மாட்டிவிட்டுப் போங்கள் என்றார்.

இப்போது கட்டிலில் உட்கார்ந்து கைக்கருவியை எடுத்தார். சின்னத் திரையில், ஒரு செய்தி. நேரம் மூன்று பன்னிரண்டு. நீளம் முப்பத்தெட்டு நொடி. அழைத்தவரின் எண் இருக்க வேண்டிய இடம் காலி. மூன்று பன்னிரண்டுக்கு இரண்டு தொலைபேசிகளும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்குத் தெரியாமல் போகாது. தூக்கத்தில் அவருக்குக் காது ஒன்றுதான் விழித்திருக்கும்.

பொத்தானை அழுத்தினார். முதலில் எண்ணெய் கொதிப்பதைப் போன்ற இரைச்சல். கேட்கக் கேட்க அது மழையாயிற்று, ஆனால் கூரையில் பெய்யும் மழை அல்ல. மூடிய இடம் ஒன்றுக்கு மேலே, வெகு உயரத்தில் பெய்யும் மழை. அதற்கு அடியில் கனமான எதையோ தரையில் இழுக்கும் ஓசை. காகிதக் கட்டு ஒன்றை மேலே தூக்கி வைக்கும் மெத்தென்ற சத்தம். யாரோ மூச்சு வாங்கினார்கள். பிறகு, வெகு அருகில், ஒழுங்கான இடைவெளியில் விட்டு விட்டு ஒலிக்கும் ஒரு கூவல். முப்பத்தெட்டாவது நொடியில் டக் என்று வைத்துவிடும் சத்தம்.

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

புதுக் கருவி, ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொண்டார். அழிக்கும் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தியதும் விளக்கு பச்சைக்குத் திரும்பியது.

ஆறு மணிக்கு, வழக்கம்போல், வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டாள். அவர் பழைய தொலைபேசியில் எடுத்தார்.

"புது போன் எப்படிப்பா இருக்கு?"

"இருக்கு. சாப்பிட்டியா? சரி, வெச்சிடட்டா?"

"அதானே, இன்னும் சொல்லலியேன்னு பாத்தேன். ஒரு நிமிஷம் பேசினா உங்க போன் தேஞ்சிடுமா? அப்படி யார்தான் கூப்பிடப் போறாங்க உங்களை, ஜனாதிபதியா?"

"லைன் ஃப்ரீயா இருக்கணும்மா."

"அதுக்குத்தான் இந்தப் புதுசு. இனிமே நான் ஒரு மணி நேரம் அறுத்தாலும் நீங்க தப்பிக்க முடியாது."

மகள் சிரித்தாள். அவரும் சிரிப்பதைப் போல ஒரு சத்தம் கொடுத்தார். பதினெட்டு வருடங்களாக அந்தத் தொலைபேசியில் அவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசியதில்லை. காரணத்தை மகளுக்குச் சொன்னதும் இல்லை.

மறுநாள் விழித்தபோது நான்கு செய்திகள் இருந்தன. எல்லாம் மூன்று பன்னிரண்டுக்கும் மூன்று இருபதுக்கும் இடையில் வந்தவை.

அதே மழை, அதே இழுபடும் ஓசை. இப்போது காலடிகளும் இருந்தன. ஈரத்தில் நடக்கும் காலடிகள். இரண்டாவது செய்தியில் அந்தக் கூவல் என்ன என்று விளங்கியது. பிஸி டோன். தொலைபேசியில் எண்ணை அழுத்திய ஒருவர், எதிர்முனை ஓயட்டும் என்று அந்தக் கூவலைக் கேட்டபடி காத்திருந்தார். மூன்றாவது செய்தியில், காத்திருக்கும் அந்த ஆள் விரல் நகத்தால் ரிசீவரைத் தட்டத் தொடங்கினார். விரைவாக இரண்டு. சற்றுப் பொறுத்து ஒன்று. விரைவாக இரண்டு. சற்றுப் பொறுத்து ஒன்று.

காவலாளி அந்தச் செய்தியை மறுபடி போட்டுக் கேட்டார்.

உலகத்தில் ஒரே ஒருத்திதான் அப்படித் தட்டுவாள். தொலைபேசியில் காத்திருக்கும்போதும், பால் பொங்கக் காத்திருக்கும்போதும், அவர் கதவைத் திறக்கக் காத்திருக்கும்போதும். அவர் மனைவி.

நான்கு தெருக்கள் தள்ளி ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய கோப்புகளை வைக்கும் கட்டிடம் இருந்தது. அதன் நிலவறையில் அவள் கோப்பு எழுத்தர். அதே கட்டிடத்துக்கு அப்போது அவர் இரவுக் காவல். அவர் ஏழு மணிக்கு வீடு வருவார், அவள் ஒன்பது மணிக்குக் கிளம்புவாள். எங்களுடையது இரண்டு மணி நேரக் குடித்தனம் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நிலவறைக்கு உள்ளே இறங்க ஒரு படிக்கட்டும், லாரியிலிருந்து கோப்புகளை இறக்கப் பின்பக்கம் ஒரு சாய்வுப் பாதையும் உண்டு. பின்பக்கத்து இரும்பு ஷட்டரின் சாவியைக் காலையில் மேலாளர் அறைக்கு வெளியே உள்ள பலகையில் மாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் காவலாளி போக வேண்டும். மேலாளர் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். மாலையில் மறுபடி தனக்குத்தானே தேவைப்படும் என்பது அவர் கணக்கு. என்றைக்காவது மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்று மனைவி மட்டும் திட்டுவாள்.

பகலில் தூங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற இன்னொரு காரியத்தையும் அவர் செய்துவந்தார். படுக்கும் முன் ரிசீவரை எடுத்து, மடித்த துண்டின் மேல் வைத்துவிடுவார்.

பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், மத்தியானம் பிடித்த மழையில் சாக்கடை உடைந்து படிக்கட்டு வழியாக நிலவறைக்குள் தண்ணீர் இறங்கியது. மற்றவர்கள் முன்பே வீட்டுக்குப் போயிருந்தார்கள். அடித்தட்டுக் கோப்புகளை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தவள், தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகுதான் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு. வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீர். பின் ஷட்டர் பூட்டிக் கிடந்தது. அவள் முதலில் அழைத்த தீயணைப்புக்காரர்கள் வெள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சுவரில் இருந்த தொலைபேசியிலிருந்து நாற்பது நிமிடங்களில் அவள் வீட்டுக்கு இருபத்து மூன்று முறை அழைத்திருந்தாள் என்று விசாரணை அதிகாரி தாளைப் பார்த்து வாசித்தார். நீங்கள் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்.

அப்போது பதினோரு வயது மகள் அவர் விரலைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் வாய் திறப்பதற்குள் அவள்தான் பதில் சொன்னாள்: "மழை பெஞ்சா எங்க வீட்டு போன் செத்துடும் சார்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலின் மேல்தான் பதினெட்டு வருடங்கள் நின்றுகொண்டிருந்தன. சாயந்திரம் ஐந்து மணிக்குச் செய்தி சொல்ல வந்தவர்கள் கதவைத் தட்டியபோது, எழுந்து போகிற வழியில் ரிசீவரைத் துண்டிலிருந்து எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் அவர் கதவைத் திறந்தார். அதை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் படுக்கவில்லை. திரைகளை இழுத்து மூடிவிட்டு, இரண்டு தொலைபேசிகளுக்கும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடிகாரம் நகர்ந்தது. மேல்வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள். சுவருக்குள் தண்ணீர் இறங்கி ஓடும் ஓசை முடியும்வரை அவர் மூச்சை அடக்கியிருந்தார்.

மூன்று பன்னிரண்டு.

எதுவும் அடிக்கவில்லை. பச்சை விளக்கு சிவப்பாயிற்று. திரையில் ஒன்று என்று வந்தது.

சற்றுப் பொறுத்து, இரண்டு. மூன்று. அந்த அறையில் ஈ பறந்தால்கூடக் கேட்டிருக்கும். எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. எட்டு. ஒன்பது. அவர் பழைய ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். வழக்கமான முரல் ஒலி, எந்தக் குறையும் இல்லை. வைத்தார். பன்னிரண்டு. பதினான்கு. மூன்று ஐம்பதுக்குப் பதினாறில் நின்றது.

முதல் நாள் ஒன்று, நேற்று நான்கு, இன்று பதினாறு. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். இன்னும் இரண்டு பாக்கி.

கேட்காமல் இருக்க முடியவில்லை. பதினெட்டு வருடங்களில் அவள் குரலின் ஒரு துணுக்குக்காக அவர் எதையும் கொடுத்திருப்பார்.

"இன்னுமா பிஸி," என்றாள் ஒரு செய்தியில், தனக்குத்தானே. மூச்சிரைப்புக்கு இடையில் சின்னச் சிரிப்பு. "யார்கூட அப்படி என்ன பேச்சோ."

அடுத்ததில், "என்னங்க, வைங்களேன் போன. பேசினது போதும்."

அதற்கடுத்ததில், "பின் ஷட்டர் சாவி உங்ககிட்டதான இருக்கு. தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா."

எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த பிஸி டோன். தான் துண்டின் மேல் வைத்த ரிசீவர் மறுமுனையில் எப்படிக் கேட்டிருக்கும் என்று அவர் அதற்குமுன் நினைத்துப் பார்த்ததில்லை. அது சலிக்காமல், ஒரே சீராக, மரியாதை தெரிந்த குமாஸ்தாவைப் போல, முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசிச் செய்தியில் பேச்சு இல்லை. தண்ணீரின் ஓசை மாறியிருந்தது. தளும்பல் நின்று, கனத்திருந்தது. நகம் தட்டியது. இரண்டு. வெகு நேரம் கழித்து, ஒன்று.

எல்லாவற்றையும் அழித்தார். அழிக்கும்போது அழுதார்.

ஆறு மணிக்கு மகள். "அப்பா, என் மொபைல்ல காட்டுது, உங்க நம்பருக்கு ஒரே நாள்ல பதினாறு மெசேஜ். கேக்கலாம்னு பாத்தா அழிச்சிருக்கீங்க. யாருப்பா அது?"

அந்த இணைப்பு அவள் பெயரில்தான் வாங்கப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ராங் நம்பர்மா."

"பதினாறு தடவையா? எவனோ விளையாடறான். மெசேஜ் பெட்டிய எடுத்துட்டேன். நாளையில இருந்து மணி அடிக்கும், நீங்க எடுக்கலேன்னா நேரா எனக்கு வந்துடும். நான் அவன ஒரு கை பாக்கறேன்."

"வேண்டாம்மா. உனக்கு வர்ற மாதிரி வெக்காத."

"ஏன்?"

அவர் சுருள் கம்பியை விரலில் சுற்றினார்.

"அப்பா, ஏன் ஒரு மாதிரி பேசறீங்க? எதையாவது மறைக்கறீங்களா?"

"ஒண்ணுமில்ல. தூக்கம் சரியில்ல. வெச்சிடட்டா?"

வைத்தவுடனே இணைப்புக் கொடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். முடிவு பண்ணிவிட்டேன், பழையதே போதும், இப்போதே வந்து கழற்றுங்கள் என்றார்.

"நாளைக்கு நாலு மணிக்கு வரேங்க ஐயா. அதுக்கு முன்னாடி முடியாது."

"நானே பிளக்கப் பிடுங்கிட்டா?"

"பிடுங்கினாலும் அழைப்பு நிக்காதுங்க. அது உங்க வீட்டு மிஷின்ல இல்லையே, அங்க இருக்கு. இங்க எடுக்க ஆளில்லேன்னா அடுத்த நம்பருக்குப் போயிடும்." சற்று நிறுத்தி, "யாராவது தொந்தரவு பண்றாங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் காவலாளி. "தொந்தரவு இல்ல."

கிடங்கில் அன்று இரவு அவர் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. மருந்துப் பெட்டிகளின் வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி யோசித்தார். யோசிக்க அதிகம் இல்லை. அழைப்பு மகளுக்குப் போகாமலிருக்க ஒரே வழிதான் உண்டு. அவர் எடுக்க வேண்டும். இரண்டே இரண்டு அழைப்புகள். எடுத்து, முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். அன்றைக்குச் செய்யாததை இப்போதாவது செய்வது. அது ஒரு கொடுப்பினை என்றுகூட விடியும் நேரத்தில் அவருக்குத் தோன்றியது.

மூன்று பன்னிரண்டுக்கு மணி அடித்தது.

மூன்று நாளும் அந்த நேரத்தில் இருந்த மௌனத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் அறையைக் கிழித்தது. பழையது அடிக்கவில்லை, புதியது மட்டும். இரண்டாவது மணியில் எடுத்தார்.

மழை. தண்ணீர். அவள் மூச்சு.

"அப்பாடா," என்றாள். "எடுத்துட்டீங்களா."

கோபமில்லை. அதுதான் அவரை உடைத்தது. பேருந்தைப் பிடித்துவிட்டவளைப் போல நிம்மதியாகச் சொன்னாள்.

"என்னங்க? கேக்குதா? நான் மேசை மேல நிக்கறேன். தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. கரண்ட் வேற போயிடுச்சு. சாவிய எடுத்துட்டுப் பின்பக்கமா வாங்க, ஓடி வாங்க. பத்து நிமிஷம் ஆகுமா?"

அவர் உதடுகள் அசைந்தன.

"குட்டிம்மா ஸ்கூல் விட்டு வந்துட்டாளா? பக்கத்து வீட்ல விட்டுட்டு வாங்க. மழையில கூட்டிட்டு வராதீங்க." பல் கிடுகிடுக்கும் ஓசை. "ஏன் பேச மாட்டேங்கறீங்க? நீங்கதான? நான் திட்டல. அப்புறமா திட்டிக்கறேன். இவ்ளோ நேரம் யார்கூடப் பேசிட்டிருந்தீங்க, அத மட்டும் சொல்லுங்க."

அவர் பதிலுக்காகக் காத்திருந்தாள். நகம் தட்டியது.

விரைவாக இரண்டு.

அவர் விரல் சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

அவர் அழுத்தவில்லை, விரல் அழுத்தியது. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. அறை அமைதியாயிற்று. கையில் கருவி, நெற்றியில் வேர்வை, கடிகாரம்.

மறுபடி மணி.

இருபத்து மூன்று.

எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் போய்விடும். தெரியும். கட்டிலில் கிடந்த துண்டை எடுத்துக் கருவியைச் சுற்றினார். அதன் மேல் தலையணையை வைத்தார். தலையணையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டார். உள்ளே அது அடித்தது. ஐந்து. ஆறு. ஏழு. உள்ளங்கையில் அதன் அதிர்வு. எட்டு.

நின்றது.

அவர் எண்ணினார், ஒன்று முதல் அறுபது வரை. மறுபடி அறுபது. மறுபடி. பிறகு சட்டைப்பையில் மொபைல் அடித்தது. மகள்.

"அப்பா." குரல் ரொம்பத் தணிந்திருந்தது. அலுவலகத்தில் எங்கோ மூலைக்குப் போய் நின்று பேசுகிறாள். "ஒருத்தங்க பேசறாங்க."

"வெச்சிடும்மா. ராங் நம்பர். வெச்சிடு."

"அப்பா, அது அம்மா."

அவர் தலையணையைத் திரும்பிப் பார்த்தார்.

"பிடிச்சு வெச்சிருக்கேன். வெக்காதீங்க. சேத்து விடறேன்."

"வேண்டாம்…"

ஒரு சின்னச் சொடுக்கு. அவர் காதுக்குள் தண்ணீர் வந்தது.

"யாரும்மா நீ?" மனைவியின் குரல் இப்போது உயரத்திலிருந்து வந்தது. முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கிப் பேசுகிறாள். "எங்க வீட்டு நம்பர்ல யாரு பேசறது?"

"அம்மா, நாந்தாம்மா. குட்டிம்மா."

"விளையாடாதம்மா. எம் பொண்ணு சின்னப் பொண்ணு." இருமல். "அங்க அவர் இருக்காரா? தூங்கிட்டிருப்பார். கொஞ்சம் சத்தமாக் கூப்பிடு, எழுந்துடுவார்."

"அப்பா," என்றாள் மகள். "பேசுங்க."

தண்ணீர்.

"இவ்ளோ நேரம் அந்த போன்ல யாரும்மா பேசிட்டிருந்தா?"

"யாரும் பேசலம்மா. மழையில லைன் செத்துப்போச்சு." பதினோரு வயதில் சொன்ன அதே வேகம், அதே நம்பிக்கை. "மழை பெஞ்சா நம்ம வீட்டு போன் செத்துடும்ல?"

"இல்லம்மா. செத்தா மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். இது பிஸியா இருந்துச்சு."

மகளின் மூச்சு கேட்டது. ஒரு முறை உள்ளே போய், வெளியே வரவில்லை.

"அப்பா?"

அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

"அப்பா, பிஸியா இருந்துச்சாம்."

"நான்தான்," என்றார். "நான்தான் எடுத்து வெச்சிருந்தேன். ரிசீவர. தினமும் வெப்பேன். தூங்கறதுக்காக." சொல்லிவிட்டு, மனைவியின் பெயரைக் கூப்பிட்டார். வீட்டில் தனியாக இருக்கும்போது மட்டும் கூப்பிடும் பெயர். "யார்கூடவும் பேசல. தூங்கிட்டேன். தூங்கிட்டேன்மா."

பதில் வரவில்லை. தண்ணீர் மட்டும். முன்பு அது அவளைச் சுற்றி இருந்த ஓசை. இப்போது வேறு எதுவும் இல்லாத ஓசை.

அவர் சொன்னதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. மகள் கேட்டுவிட்டாள். அவள் அழவும் இல்லை, வைக்கவும் இல்லை.

தண்ணீரைக் கேட்டபடி இருவரும் காத்திருந்தார்கள். மூன்று ஐம்பத்திரண்டு. முடிந்தது. இருபத்து நான்காவது என்று ஒன்று கிடையாது. அதிகாரி வாசித்த தாளில் இருபத்து மூன்றுதான்.

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து ஓர் ஒலி. பொத்தான் ஒன்றை அழுத்தும் ஒலி. மந்தமாக, ஆழத்தில்.

இன்னொன்று.

மூன்று. நான்கு. அவசரமில்லாமல். ஐந்து. ஆறு. அவை எந்த எண்கள் என்று அவருக்குத் தெரியும். ஏழு.

தலையணைக்கு அடியில் மணி அடித்தது.

"எடுங்கப்பா," என்றாள் மகள்.

அவர் தலையணையை விலக்கினார். துண்டைப் பிரித்தார். பொத்தானின் மேல் விரலை வைக்கும்போதே, மொபைல் வைத்திருந்த காதில், தண்ணீருக்கு அடியில், அடுத்த அழைப்புக்கான எண்கள் அழுத்தப்படத் தொடங்கியிருந்தன.